ஹெல்மெட் கையில் இருந்தது: ஒரு அபராத வழக்கின் நாட்குறிப்பு

2025 மார்ச் 15, சனி

நேற்று இரவு நடந்ததை நினைவு கலைவதற்குள் எழுதி வைக்கிறேன். தம்பியும் தனியாக ஒரு தாளில் எழுதுகிறான். எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.

ஊருக்குக் கிளம்பிய அம்மா மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோவில் கிளாம்பாக்கம் போக, நானும் தம்பியும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனோம். திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பங்க்கில் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டோம். ஜிபே கணக்கில் 11.21 என்று இருக்கிறது. அப்புறம் கொஞ்ச தூரத்தில் பேரிகார்டு. எந்த இடம், எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

இருவருமே ஹெல்மெட் போட்டிருந்தோம். கைகாட்டினார்கள், ஓரமாக நிறுத்தினேன். லைசென்ஸ் கேட்டார் ஒருவர். போனைத் திறந்து டிஜிலாக்கரை, அதாவது அரசின் ஆவணச் செயலியைக் காட்டினேன்.

"போன்ல இருக்கறதெல்லாம் செல்லாது. ஒரிஜினல் எடு."

"செல்லும் சார்" என்றான் தம்பி, மெதுவாகத்தான். அது அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் திருகி எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "டேய், நீ இறங்குடா. ஹெல்மெட்டைக் கழட்டு, மூஞ்சியப் பாக்கணும்." தம்பி கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டான். அவன் முகத்தில் டார்ச் அடித்தார்கள். எங்கே வேலை, என்ன சம்பளம், இந்த நேரத்தில் இந்தப் பொம்பளையோடு எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். "என் அக்கா சார்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இன்னொருவர் போனில் ஒரு ஃபிளாஷ் அடித்தது.

சட்டைமேல் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டிருந்ததால் யாருடைய பெயரும் தெரியவில்லை. பெண் போலீஸ் ஒருவர்கூட இல்லை. "ஸ்டேஷனுக்கு வாம்மா, விடியற வரைக்கும் உக்காந்து பேசலாம்" என்றார் சாவியை வைத்திருந்தவர். அப்புறம் குரலை இறக்கி, "இங்கயே முடிச்சுக்கறதுன்னாலும் முடிச்சுக்கலாம்" என்றார். நான் சொன்னது: "என்ன தப்புன்னு எழுதி ரசீது குடுங்க சார், கட்டறேன்." ரசீது தரவில்லை. நெடுநேரம் நிற்க வைத்துவிட்டு, சாவியைத் தார் ரோட்டில் போட்டார். குனிந்து எடுத்தேன்.

இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் எஸ்.எம்.எஸ். வந்தது. இ-சலான், அதாவது மின்னணு அபராதச் சீட்டு, 1,000 ரூபாய். பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் அணியவில்லை, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194டி. லைசென்ஸ் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் சலான் எண்ணைப் போட்டால் அவர்கள் எடுத்த படமும் வருகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் வண்டி நிற்கிறது, சைடு ஸ்டாண்டு போட்டிருக்கிறது. தம்பி வண்டிக்கு இரண்டடி தள்ளி, டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். இடது முழங்கையில் ஹெல்மெட் தொங்குகிறது. நெற்றியில் ஹெல்மெட்டின் பஞ்சு அழுத்திய கோடுகூட மங்கலாகத் தெரிகிறது. அவர்களே கழற்றச் சொல்லிவிட்டு அவர்களே எடுத்த படம் இது.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், தம்பி சொல்லிவிட்டான். "ஆயிரம் ரூவாதானே, கெட்டிட்டு விடுட்டி. போலீஸ்காரங்ககூட நமக்கு எதுக்கு?" என்றாள். அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சாத்தான்குளம் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. 2020 ஜூனில் கடையை மூடுகிற நேரத்துத் தகராறு என்று போலீஸ் அழைத்துப் போன அப்பாவும் மகனும் திரும்பி வரவில்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடிப் பக்கம், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை இன்ஸ்பெக்டர் துரத்திப்போய் பைக்கை எட்டி உதைத்ததில் மனைவி செத்துப்போனார். இதெல்லாம் தெரிந்த எந்த அம்மாவும் கட்டிவிடு என்றுதான் சொல்வாள். ஆயிரம் ரூபாய் கட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் தப்புக்காகக் கட்டுவதில்லை, அந்த இரவு அதோடு தீரட்டும் என்றுதான் கட்டுகிறார்கள்.

நான் கட்டப் போவதில்லை.

மார்ச் 17, திங்கள்

தெரிந்த வக்கீல் அக்கா ஒருவரிடம் எங்கள் இரண்டு தாளையும் கொடுத்தேன். இரண்டும் ஒத்துப்போகின்றன, ஒரே ஒரு இடம் தவிர. டார்ச் அடித்தவர் வேறு ஆள் என்கிறான் தம்பி. "அதைத் திருத்தாதே, அப்படியே இருக்கட்டும்" என்றார் அக்கா.

அவர் சொன்னதில் முக்கியமானவற்றைக் குறித்துக்கொள்கிறேன், இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

டிஜிலாக்கர் செல்லும். மத்திய மோட்டார் வாகன விதி 139ஐ 2018 நவம்பரில் திருத்தி, காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சாவியைப் பிடுங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இடம் கொடுக்கவில்லை. பிரிவு 207 வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் அது பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்பது போன்ற காரணங்களுக்கு. பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்வதென்றால் அசாதாரணச் சூழல் இருக்க வேண்டும், பெண் போலீஸ் இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். இந்த விதி முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் பிரிவு 43(5). விடியும் வரை உட்கார வைப்பேன் என்று மிரட்டியவருக்கு இது தெரியாமல் இருக்காது.

இன்னொன்றும் சொன்னார், அதில்தான் எனக்குத் தூக்கம் போனது. 194டியில் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் எழுதியிருக்கிறது. நான் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவள். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இடுப்பு எலும்பு மாற்றியவர்கள். ஸ்கூட்டர் இல்லாவிட்டால் என் நாளில் பாதி வீடுகூடத் தாண்டாது.

மார்ச் 19, புதன்

பங்க்குக்குப் போனேன். கேமரா பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், உடனே கேள் என்று அக்கா எச்சரித்திருந்தார். மேனேஜர் முதலில் யோசித்தார். ஜிபே ரசீதைக் காட்டி நடந்ததைச் சொன்னதும், "என் பையனையும் இப்படித்தான் ஒரு நாள்..." என்று ஆரம்பித்து, மேலே பேசாமல் கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

இருக்கிறது. ஹெல்மெட்டோடு இருவரும் வருகிறோம், தம்பி அதைக் கழற்றாமலேயே இறங்கி நிற்கிறான், மறுபடி ஏறிப் போகிறோம். பதிவை மட்டும் கொடுத்தால் கோர்ட்டில் எடுபடாது. பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63(4)இன்படி சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி மாதிரி. அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும். தன் பங்குக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன், நிம்மதியில்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அன்றிரவு அங்கே பணியில் இருந்தவர்களின் பெயரும் பதவியும், உடல் கேமரா பதிவும் கேட்டிருந்தேன். சலான் போட்ட எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) பெயர் மட்டும் தந்திருக்கிறார்கள். கேமரா பதிவு இல்லை என்கிறார்கள். மேல்முறையீடு எழுதியிருக்கிறேன்.

இ-சலான் தளத்தில் போட்ட ஆட்சேபனைக்கு எந்தப் பதிலும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

கட்டாமல் விட்ட சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வீகோர்ட்ஸ் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டதும் வழக்கு வந்தது. இரண்டு வழிதான்: உத்தேச அபராதத்தைக் கட்டலாம், அல்லது வழக்கை எதிர்க்கலாம். கட்டினால் அந்த நிமிடமே முடிந்துவிடும், எதிர்த்தால் பகுதி நீதிமன்றத்துக்கு மாற்றுவார்கள், நேரில் போக வேண்டும். எதிர்க்கிறேன் என்பதை அழுத்தினேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

சம்மன் வந்து இன்று முதல் ஆஜர். காலையிலிருந்து வராண்டாவில் நின்றோம். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனேன். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டை வாசித்து, "ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கோர்ட் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாருமே ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினார்கள். அதில் ஒருவர், சாப்பாடு டெலிவரி செய்கிற பையன், வெளியே வந்து "நான் சிக்னல் தாண்டவே இல்லைக்கா, ஆனா வாய்தாவுக்கு அலைஞ்சா ஐ.டி.யைப் பிளாக் பண்ணிருவாங்க" என்றான். அவனுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்க்கும் உரிமை என்பது ஒருநாள் சம்பளத்தை விடக்கூடியவர்களுக்கு மட்டும் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

எஸ்.எஸ்.ஐ. வரவில்லை. வாய்தா.

நவம்பர் 13, வியாழன்

இன்று எஸ்.எஸ்.ஐ. வந்தார். பந்தோபஸ்து டூட்டி என்று போன வாய்தாவுக்கும் வரவில்லை.

வக்கீல் அக்கா பக்கத்தில் இருந்தார், ஆனால் நானே கேட்கிறேன் என்றேன். கேள்விகளைச் சின்னதாக வைத்துக்கொள், கதை சொல்லாதே என்று சொல்லியிருந்தார்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததா?" ஆமாம். "எடுக்கும்போது வண்டி ஓடிட்டு இருந்ததா, நின்னதா?" நின்றது. "சைடு ஸ்டாண்டு?" படத்தைப் பார்த்தார். போட்டிருக்கிறது. "ஹெல்மெட் எங்க இருக்கு?" கையில். "ஹெல்மெட் இல்லாம வண்டியில உக்காந்து வந்ததுக்கு வேற படமோ வீடியோவோ இருக்கா?" இல்லை. "ஹெல்மெட்டைக் கழட்டச் சொன்னது யாரு?" ஞாபகம் இல்லை என்றார்.

அப்புறம் தம்பி சாட்சி சொன்னான். பங்க் பதிவையும் சான்றிதழையும் தாக்கல் செய்தோம். மாஜிஸ்திரேட் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார், தம்பி இறங்கி நிற்கும் இடத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். சாவி பற்றி நான் பேச ஆரம்பித்ததும், "இந்த வழக்கு ஹெல்மெட்டுக்குத்தான். அது வேற புகார், அதுக்கு வேற இடம் இருக்கு" என்றார். கோபமாக அல்ல, எடுத்துச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

நவம்பர் 27, வியாழன்

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, விடுதலை.

அம்மாவுக்கு போன் செய்து முழுவதையும் சொன்னேன். ரொம்ப நேரம் திட்டினாள். பிறகு, "அந்த சாவியப் போட்டவன் பேரு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். தெரியவில்லை. தகவல் உரிமை மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. விடுதலையானது ஹெல்மெட் வழக்கிலிருந்து மட்டும்தான். தம்பி இப்போதும் இரவில் பேரிகார்டைக் கண்டால் எதிரே வேறு தெரு இருக்கிறதா என்று பார்க்கிறான்.

தீர்ப்பின் நகலுக்கு இன்றே மனு போட்டாயிற்று. மாநில மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும், மார்ச் 14க்குள். நகல் கைக்கு வந்ததும் படம், பங்க் பதிவு, நாங்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு தாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். டார்ச் அடித்தது யார் என்பதில் நாங்கள் வேறுபடுவதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.