மோனேயின் ஓக் மரமும் எங்கள் தெரு இஸ்திரி வண்டியும்

ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த காட்டு ஓவியம் ஒன்று கண்ணில் பட்டது. பாரிஸுக்குப் பக்கத்து ஃபோன்டேன்ப்ளோ காட்டில் இருந்த 'போட்மர் ஓக்' என்ற மரம். 1865-ல் வரைந்தது, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு 24 வயது. அவரும் கூட்டாளிகளும் வரைந்த பாணிக்கு இம்ப்ரஷனிசம் என்ற பெயர் வரவே இன்னும் 9 வருஷம் இருந்தது.

படத்தில் ஆளே இல்லை. கிளை விரித்து நிற்கும் மரம், கீழே துரு நிறத்தில் உதிர்ந்த இலைகள், அதன்மேல் சிந்திக்கிடக்கும் வெயில். இந்த மாதிரிப் படம் என்றாலே தனிமை, இலையுதிர்காலச் சோகம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ சோகமே வரவில்லை. அக்னி நட்சத்திரத்தில் மவுண்ட் ரோடு பஸ் ஸ்டாப்பில் நின்றவனுக்கு இலையுதிர்காலம் எங்கே தெரியும், நிழல்தான் தெரியும். படத்துக்குள் போய் அந்த இலைமேல் உட்காரலாம் போலிருந்தது.

எங்கள் மயிலாப்பூர் தெருவிலும் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் அடியில் இஸ்திரி வண்டி. இலைச் சந்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் வெயில் மட்டும் வட்டம் வட்டமாகத்தான் விழும், ஒவ்வொரு வட்டமும் சூரியனின் பிம்பம் என்பதால். 2010 ஜனவரி 15 கிரகணத்தன்று மத்தியானம் அத்தனை வட்டமும் பிறையாகி, இஸ்திரி அண்ணன் விரித்து வைத்திருந்த வேட்டி முழுக்க ஊர்ந்தன. அவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தது. ஒரே நாளில் மரம் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது, ரெண்டு நாள் அறுத்தார்கள். மறுவாரம் பார்த்தால் அண்ணன் அதே இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்.

பின்னாளில் மோனேயும் கூட்டாளிகளும் நிழலுக்குக் கறுப்பை விட்டுவிட்டு நீலமும் ஊதாவுமாகத் தீட்டியபோது விமர்சகர்கள் கண்டபடி கிண்டலடித்தார்கள். நியாயமாகப் பார்த்தால் நானும் அந்தக் கூட்டம்தான். தார்ப்பாய் கட்டின புதிதில் என் வெள்ளைச் சட்டையை வாங்கப்போய், "என்னண்ணே, நீலம் ஏறிக் கிடக்கு?" என்று சண்டைக்கே நின்றேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை, சட்டையை எடுத்து ரோட்டு வெயிலில் நீட்டினார்.

"இப்பப் பாரு தம்பி."

வெள்ளை வெளேரென்று இருந்தது.