தேரியில் ஒரு வெள்ளைத் தட்டு

தாமிரபரணிப் பாசனத்து வயல்கள் செயற்கைக்கோள் படத்தில் போன வருடத்தைவிட மங்கலாகத் தெரிகின்றன என்று வையுங்கள். பயிர் குறைந்ததா, மேலே இருக்கும் சென்சார் மங்கியதா? ரிமோட் சென்சிங், அதாவது தொலைவிலிருந்தே தரையை ஆராயும் படிப்பு, படிக்கப் போன முதல் வருடமே இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ராக்கெட்டில் ஏறும்போது உண்டாகும் அதிர்வும் விண்வெளிக் கதிர்வீச்சும் சென்சாரை மாற்றிவிடும். கழற்றிக் கொண்டுவந்து ஆய்வகத்தில் பார்க்க முடியாது. அது தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில் தரையின் ஒளியை நாமே அளந்து, இரண்டையும் ஒப்பிடுவது ஒரு வழி. இஸ்ரோ குஜராத்தின் உப்புவெளியான கட்ச் ரண்ணில் இப்படிச் செய்கிறது. எனக்கு வாய்த்தது இடையன்குடித் தேரி, செந்நிற மணல்மேடு.

அமெரிக்காவின் பூமி நோக்கும் செயற்கைக்கோள்களான லேண்ட்சாட் 8, 9 இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒரு தரம், காலை பத்தரை வாக்கில், 705 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும். அதன் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். அதனால் பனையும் உடைமரமும் இல்லாத இடமாகப் பார்த்து 90 மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டினேன். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டரை முதலில் வெள்ளைத் தட்டின் மேல் காட்ட வேண்டும், பிறகு மண் மேல், சில நிமிடம் கழித்து மறுபடி தட்டு. விழும் ஒளியில் ஏறக்குறைய 99 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் தட்டு அது. மண்ணின் ஒளியை அதனோடு வகுத்தால்தான் கணக்கு. பக்கத்தில் வெள்ளைத் துணி நின்றால் அந்த ஒளியும் கலந்துவிடும். உதவிக்கு வந்த பனையேறி அண்ணாச்சி வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு மறுநாளே கறுப்புக் கைலியில் வந்தார்.

முதல் தடவை மேகம். எட்டு நாள் போயிற்று.

இரண்டாம் தடவை வானம் துல்லியம், ஆனால் என் மண் செயற்கைக்கோளின் மண்ணைவிட வெளிச்சமாக வந்தது, அதுவும் நீலத்தில் ரொம்பவே. இரண்டு ராத்திரி கணக்கையே குடைந்தேன். கடைசியில் அண்ணாச்சிதான் தட்டில் விரலை வைத்துப் பார்த்தார். “மண்ணு படிஞ்சிருக்குல்லா, பாத்தியா தம்பி?”

தேரி மண்ணின் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அது நீலத்தை விழுங்கும். தட்டு மங்க, அதனோடு வகுத்த மண் பளிச்சென்று ஆகிவிட்டது. என் அளவுகோலே அழுக்கு.

இதே சிக்கல் மேலேயும் உண்டு என்று தெரிந்தபோது சிலிர்த்துவிட்டது. லேண்ட்சாட் 8 சூரிய ஒளியைச் சிதறடித்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைப் பலகை வைத்திருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டு அதுவும் மங்கும். அதனால் எப்போதாவது மட்டும் திறக்கும் இரண்டாவது பலகையையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் போதாதென்று மாதம் ஒருமுறை நிலாவைப் படம் பிடிக்கிறது. நிலாவில் காற்றில்லை, மழையில்லை. அதன் முகம் மாறுவதில்லை.

நான் தட்டை ஓடும் தண்ணீரில் பிடித்து, நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். அடுத்த தடவை ஒவ்வொரு அளவுக்கும் நடுவே அண்ணாச்சி அதை மூடி வைத்தார். சிவப்பில் இரண்டு கணக்கும் நெருங்கி வந்தன. நீலம் கொஞ்சம் விலகியே நிற்கிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் நீல ஒளியை நிறையச் சிதறடிக்கும்; அது காரணமாக இருக்கலாம். அதை அளக்க, சூரியனை நேராகப் பார்த்து ஒளி எவ்வளவு குறைகிறது என்று காட்டும் சன் போட்டோமீட்டர் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். அடுத்த கடப்பு வியாழக்கிழமை. கயிற்றை அவிழ்க்கவில்லை, அப்படியே கிடக்கிறது.