ஐந்து வெள்ளிச் சந்தா

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 நோட்டுப் புத்தகம் இருக்கும். மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, அதே உள்ளங்கை அளவுப் புத்தகம். என்னுடையதில் எழுதியிருப்பது சந்தா. வீட்டுக்கு மாதம் ஐந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் வசூலித்துத்தான் தொழிலாளர் செய்திக்கென்று ஒரு மாத இதழை நடத்துகிறோம். நடத்துகிறோம் என்றால், எழுதுவது நான், பக்கம் கட்டுவது ஒரு நண்பர். அவ்வளவுதான் ஆள்பலம்.

அதற்கு முன் ஒரு நாளிதழுக்கு வட்டார நிருபராக இருந்தேன். சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா காலத்தில் ரப்பர் பால்வெட்டுக்கு ராத்தல் கணக்கு, என் காலத்தில் செய்திக் கணக்கு. எடை போடுகிற இடத்தில் ஏமாறுவது இரண்டிலும் உண்டு. ஒருமுறை, ஒரு காண்ட்ராக்டரிடம் இரண்டு மாதமாகச் சம்பளம் வராத தொழிலாளர்களைப் பற்றி எழுதி அனுப்பினேன். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றார்கள். அந்த வாரம் யாருக்கோ டத்தோ பட்டம் கிடைத்திருந்தது. பக்கம் பக்கமாக வாழ்த்து விளம்பரம். வாழ்த்தியவர்களில் நான் எழுதிய அந்தக் காண்ட்ராக்டரும் ஒருவர், கோட் போட்ட படத்தோடு. செய்தி வரவே இல்லை. யாரும் அதைப் போடக்கூடாது என்று சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். பட்ட வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் இல்லாவிட்டால் அச்சகக் கடனை எப்படிக் கட்டுவது என்று அந்த ஆசிரியரும் பாவம் யோசித்திருப்பார். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றுபோன நாடு இது.

தமிழ் நேசன் என்றதும் எனக்கு ஆர். எச். நாதன் ஞாபகம் வருவார். அந்தப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்துகொண்டே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியவர். சம்பளத்தோடு அவர்கள் கேட்ட இன்னொன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. 1941இல் அவரைக் கைது செய்தார்கள், தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின, ராணுவம் வந்தது, ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான் பைக்கில் போகிறவன். தோட்ட மேனேஜரின் ஹைலக்ஸ் எதிரே வரும்போது ஓரம் கட்டுகிறேன், ஆனால் இறங்குவதில்லை.

சரி, இதழுக்கு வருகிறேன். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பெர்மிட் இல்லாமல் செய்தித்தாள் அச்சடித்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். வருடா வருடம் புதுப்பிக்கிற தொல்லையை 2012இல் எடுத்துவிட்டார்கள், பெர்மிட் மட்டும் வாங்கத்தான் வேண்டும். அதனால் நாங்கள் அச்சுப் பக்கமே போகவில்லை. பிடிஎஃப் செய்து புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அனுப்புகிறோம். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுகிறார்கள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாத வீடும் உண்டு. அங்கே நானே உட்கார்ந்து வாசிப்பேன், ஒரு வரக்கோப்பி கிடைக்கும்.

சந்தா என்கிற சொல் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வசூலிக்கும் தொழிற்சங்கச் சந்தாவும் இருந்தது. அது பிறகு சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஒரு தோட்டக் கிராணியார் (குமாஸ்தா) சொல்வார்: "கையில வாங்குன வரைக்கும் சங்கத்துக்காரன் லயத்துக்கு வருவான் தம்பி. சம்பளத்துல புடிக்க ஆரம்பிச்சதும் எலெக்‌ஷனுக்குத்தான் வந்தான்."

அவர் சங்கத்தைச் சொன்னார். அது என்னையும் சேர்த்துத்தான் என்று புரிய எனக்கு நாலு மாதம் பிடித்தது. வீடு வீடாக அலைவது அலுத்துப்போய், கியூஆர் குறியீடு ஒன்று வைத்து, இனி போனிலேயே கட்டுங்கள் என்று அறிவித்திருந்தேன். பணம் ஒழுங்காக வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கூடவே. பெட்ரோல் மிச்சம். ஆனால் இதழில் போடச் செய்தி இல்லை. அரசாங்க அறிக்கையைத் தமிழாக்கிப் பக்கத்தை நிரப்பினேன். குறைந்தபட்ச சம்பளம் 1,500லிருந்து 1,700 வெள்ளி ஆனதைப் பற்றி நான் எழுதியது, தொலைக்காட்சியில் எல்லாரும் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

மறுபடி பைக்கை எடுத்தேன். முதல் வாரமே, மருந்தடிக்கிற வேலை செய்யும் ஒரு அக்கா வீட்டில் மைலோ டின்னைத் திறந்து ஐந்து வெள்ளியைத் தேடினார். பணத்தோடு மடித்து வைத்த சம்பளச் சீட்டுகளும் வெளியே வந்தன. "வந்தது வந்தீங்க, இதையும் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினார். ஒவ்வொரு சீட்டிலும் கையுறைக்கும் முகமூடிக்கும் ஒரு பிடித்தம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பாதுகாப்புக்காகச் சட்டப்படி தரவேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. அந்த அக்காவை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டரின் கீழே இருந்த பெண்கள் எல்லாருக்கும் அதே பிடித்தம். பெயர்களை மறைத்து, தொகைகளை அப்படியே போட்டு எழுதினோம். அடுத்த மாதம் பிடித்தம் நின்றது. ஏற்கெனவே பிடித்தது திரும்பவில்லை. அந்த அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

வாசகர் பணத்தில் பத்திரிகை நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மலேசியாகினி என்கிற இணையச் செய்தித்தளத்தைக் காட்டுவார்கள். 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தபோது, சில மணி நேரத்தில் பொதுமக்கள் அதைத் திரட்டிக் கொடுத்தார்கள். நானும் அன்றைக்கு ஐம்பது வெள்ளி அனுப்பினேன், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அபராதத்துக்கு ஒரே நாளில் கூடுகிற பணம் வேறு, ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில் கிடைக்கிற ஐந்து வெள்ளி வேறு. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் முக்கியம்.

காசு கொடுப்பவர் கேள்வியும் கேட்பார். இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்தான். அவர்களுடைய விடுதியின் தண்ணீர்ப் பிரச்சினையை எழுதினேன். சொன்னேனே அந்தக் கிராணியார், அவருக்குக் கோபம். "நம்ம காசுல நம்ம கதைய எழுதுங்க தம்பி." அதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. நம் ஆட்களைத் தோட்டத்திலிருந்து கிளப்பிவிட்டு, குறைந்த கூலிக்கு அவர்களைக் கொண்டுவந்ததைக் கண்ணால் பார்த்தவர். "தண்ணிக் குழாய் நம்ம பழைய லயத்துக் குழாய்தாங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். அந்த மாதம் சில வீடுகளில் சந்தா நின்றது. கிராணியார் நிறுத்தவில்லை, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அந்த விடுதியிலிருந்து ஒருவர் ரொட்டிச்சானாய் கடையில் என்னைப் பிடித்து ஐந்து வெள்ளி கொடுத்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கடைக்காரர் மலாயில் சொன்னாராம். நான் புத்தகத்தை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெயரை மட்டும் எழுதாதே என்றார். அவருடைய வேலை பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. என் பையிலிருக்கும் அந்தச் சின்னப் புத்தகம் வேறு யார் கைக்காவது போனால் என்ன ஆகும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

மாதக் கடைசியில் கணக்கைக் கிராணியாரிடம் காட்டுவது வழக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"பேரு கணக்குக்கும் காசு கணக்குக்கும் அஞ்சு வெள்ளி இடிக்குதே."

"அது ஒரு வாசகர் கொடுத்ததுங்கய்யா. பேரு வேணாம்னுட்டாரு."

"எந்தத் தோட்டம்?"

நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, பெயர் இல்லாத அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, மொத்தத்தை எழுதினார்.