சுங்குடிப் போர்வை: சில நாட்குறிப்புகள்

ஜூன் 8

பரணில் இருந்து பழைய மூட்டையை இறக்கினேன். அம்மாவின் சுங்குடிச் சேலைகளை வெட்டி, கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த ஒட்டுத்துணிப் போர்வை. தைத்த கட்டங்கள் கொஞ்சம், முக்கோணமாகவே கிடப்பவை நிறைய. கட்டத்தை மேஜையில் வைத்தால் நடுவில் அப்பளம் மாதிரி உப்புகிறது. அன்றைக்குக் காரணம் பிடிபடாமல்தான் மூட்டை கட்டினேன்.

இப்போது பிடிபடுகிறது. ப்ளவுஸ் வகுப்புக்குப் போனது வீணாகவில்லை. துணியை நெட்டிழையில், அதாவது நீளவாட்டு நூலின் போக்கில், இழுத்தால் அவ்வளவாக அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் நீளும். கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வெட்டுவதே அந்த நீட்சிக்காகத்தான், வளைவில் சுருக்கமில்லாமல் உட்காரும். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் முக்கோணத்தின் நீள ஓரம் முழுக்க கிராஸ்தானே! தைக்கும்போது கை லேசாக இழுத்தாலும் போச்சு.

ஜூன் 15

வெட்டாமல் மிச்சமிருந்த சேலைத்துணிக்கு வடிகஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி போட்டேன். அப்புறம் 7 இன்ச் சதுரங்கள். இரண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தையல். தைத்த பிறகுதான் கோட்டில் கத்தரி. விரித்தால் இரண்டு கட்டம், ஆறரை இன்ச்சுக்குச் சீராக்கிக்கொள்ளலாம். கிராஸ் ஓரம் தனியாகக் கைக்கு வருவதே இல்லை. ஒன்றுகூட உப்பவில்லை.

ஒரு சேலை மட்டும் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் சுங்குடி. புள்ளி எதுவும் சரியான வட்டமில்லை, ஒன்று போல இன்னொன்று இல்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் கடையில் பெரும்பாலும் அச்சுப் புள்ளிதான். அசலை நடுவரிசைக்கு ஒதுக்கிவிட்டேன்.

ஜூலை 5

நடு அடுக்குக்கு பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம், மதுரை வெயிலுக்கு யார் போர்த்துவது? அப்பாவின் பழைய வேட்டியே போதும். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளியே கையால் ஓட்டுத்தையல். மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் அடித்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். கையில் அந்தத் தொல்லை இல்லை.

கர்நாடகாவின் உத்தர கன்னடத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் கவண்டி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைத் தைப்பது நேர் எதிர்: ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அடுத்தது அப்படித்தான்.

ஜூலை 19

ஓரம் அடிப்பதில் டீச்சர் அக்காவோடு வாக்குவாதம். "கிராஸ் பீஸ்தான்டி உழைக்கும்" என்கிறார். உழைக்கும், சரி. ஆனால் நேர் ஓரத்துக்கு நேர்த்துணியே தாராளம், சேலையும் வீணாகாது. இரண்டரை இன்ச் பட்டையை இரண்டாக மடித்துத் தைத்தேன். மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போதே நிறுத்தி, பட்டையை மேலே சாய்த்து மடித்து, மறுபடி கீழே மடித்து அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை கூர்மையாக விழுகிறது.

ஜூலை 27

துவைத்துக் காயப்போட்டேன். அம்மா கொடியிலேயே ஒவ்வொரு சேலையாக அடையாளம் சொல்லிவிட்டு, "தரையில கிரையில விரிச்சுடாதே" என்றார். உப்பிய பழைய கட்டங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தலையணை உறைக்காம், உள்ளே பஞ்சு அடைத்தால் உப்பல் யாருக்குத் தெரியப்போகிறது?