கம்யூனிட்டி காலேஜ் பிசிக்ஸ் வேலைக்கு நான் படித்த கதை

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரி) இயற்பியல் நடத்தப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது, "அப்போ பிஎச்டி பண்ணப் போறியா?" என்றுதான். அது தேவையில்லை. நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் இயற்பியலிலோ வானியலிலோ மாஸ்டர்ஸ் இருந்தால் போதும். இளங்கலையில் இயற்பியல், மாஸ்டர்ஸில் பொறியியல் அல்லது கணிதம் என்று படித்தவர்களுக்கும் வழி உண்டு. பள்ளி ஆசிரியர்களுக்கு வேண்டிய கிரெடென்ஷியலை, அதாவது கற்பிப்பதற்கான உரிமச் சான்றிதழை, இங்கே கேட்பதில்லை. வேறு பல மாநிலங்களில், வேறு துறையில் மாஸ்டர்ஸ் முடித்தவர் இயற்பியலில் 18 கிராஜுவேட் கிரெடிட் (முதுகலை நிலைப் பாட மதிப்பு) வைத்திருந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலையில் இருந்துகொண்டே மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம் என்று வழக்கமான பாடங்கள்தான். எலக்ட்ரோடைனமிக்ஸ் ஆளை உருக்கிவிட்டது. ஆனால் அதில் படித்த எதையும் முதலாண்டு வகுப்பில் நான் நேரடியாகத் தொட்டதே இல்லை.

ஆசிரியர் வேலையைக் கற்றுக்கொடுத்தது, டிஏவாக (டீச்சிங் அசிஸ்டென்ட்) லேப் எடுத்ததுதான். தண்டவாளத்தில் ஓடும் இரண்டு குட்டி வண்டிகள், இரண்டிலும் விசையை அளக்கும் சென்சார். ஒன்றின் மேல் இரும்புக் கட்டிகளை ஏற்றிவிட்டு, மோதும்போது எது அதிக விசை கொடுக்கும் என்று கேட்டேன். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்கூட, "கனமான வண்டிதான்" என்றார்கள். மோதவிட்டோம். திரையில் ஒரு கோடு மேலே, இன்னொன்று கீழே, இரண்டும் ஒரே உயரம். சென்சார் ரிப்பேர் என்றான் ஒரு மாணவன். சரி, மாற்றிப் போடு என்றேன். மாற்றியும் அதே படம்தான். "அப்போ லேசான வண்டி மட்டும் ஏன் தெறிச்சு ஓடுது?" என்று அவனே கேட்டான். விசை ஒன்றுதான், நிறை வேறு, அதனால் முடுக்கம் வேறு. நானாகச் சொல்லியிருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

இதெல்லாம் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்த விஷயம். விசை பற்றிய அடிப்படைப் புரிதலைச் சோதிக்கும் தேர்வு ஒன்று உண்டு; 1992-இல் வந்த அந்த ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரியில் 30-க்குக் கொஞ்சம் குறைவான கேள்விகள். கணக்கே கிடையாது, ஆனால் கணக்கில் சூரர்களும் அதில் தடுமாறுவார்கள். பிறகு ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் இந்த மாதிரித் தேர்வுகளில் 6,000-க்கும் அதிகமான மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார். மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளில் முன்னேற்றம், வெறும் லெக்சர் வகுப்புகளைவிடச் சராசரியாக இரண்டு மடங்கு. இந்தத் துறைக்கு வருகிறவர் ஹேக்கின் அந்தக் கட்டுரையையாவது படித்துவிட வேண்டும். நேர்காணலில் தேர்வுக் குழுவே மாணவர்களாக உட்கார, ஒரு சின்னப் பாடம் நடத்தச் சொல்வார்கள். ஸ்லைடு போட்டு மளமளவென்று ஒப்பிப்பவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

வேலை கிடைப்பதில்தான் சிக்கல். முழுநேர இடங்கள் குறைவு என்பதால் பெரும்பாலோர் அட்ஜங்க்டாக, அதாவது பகுதிநேர ஆசிரியராகத்தான் ஆரம்பிக்கிறோம். கலிஃபோர்னியாவில் ஒரே கல்லூரி மாவட்டத்தில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கம்யூனிட்டி காலேஜ்கள்) முழுநேரப் பணிச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேரக்காரருக்குத் தர முடியாது. வருமானம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாவட்டங்களுக்குக் காரில் ஓட வேண்டும். எங்களுக்கு 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே பட்டப்பெயர் உண்டு. வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்ததால் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பட்டம் வெளிநாட்டில் வாங்கியது என்றால், அது எந்த அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடு என்று மதிப்பிட்ட அறிக்கையை விண்ணப்பத்தோடேயே கேட்பார்கள். அது கைக்கு வர நாளாகும்; விளம்பரம் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.