கடைசி நாசிலில் வாளி பிடித்தீர்களா? வாட்டர் மிஸ்ட் சோதிக்கும் முறை

தண்ணீரைப் பனி போலத் தெளித்துத் தீயை அணைக்கும் அமைப்புதான் வாட்டர் மிஸ்ட். அதைத் திறந்துவிட்டு, அறை முழுக்கப் பனி பரவியதும், சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 64 பார் அழுத்தத்திலும் பனி வரும், 100 பாரிலும் வரும். கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஜெனரேட்டர் ரூமின் ஹை பிரஷர் சிஸ்டத்தை நாங்கள் சோதிப்பது இப்படி.

முதலில் நாசில்களை (தண்ணீரைத் தெளிக்கும் முனைகள்) கழற்றிவிட்டு ஃப்ளஷிங், அதாவது தண்ணீர் ஓடவிட்டுப் பைப்பைக் கழுவுவது. துளையே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பைப் வெட்டிய பிசிறோ டெஃப்லான் டேப் நூலோ போதும், அடைத்துக்கொள்ளும். வெளியே வரும் தண்ணீரை வெள்ளைத் துணியில் பிடியுங்கள், துணியில் எதுவும் தங்காத வரை ஓடட்டும். தூசியை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலைக் கண்ணின் அளவு, நாசிலின் மிகக் குறுகிய வழியில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1 மி.மீ. வழி என்றால் 0.8 மி.மீ.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். வேலை அழுத்தம் 100 பார் என்றால், 150 பாரில் 10 நிமிடம், பிறகு 100 பாரில் 110 நிமிடம் நிறுத்துகிறோம். நிரப்பும்போதே லைனின் உச்சியில் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். காற்று தங்கினால், கழன்ற ஃபிட்டிங் தோட்டா மாதிரி பறக்கும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், தோலைத் துளைத்துவிடும். அட்டையை நீட்டிப் பாருங்கள். கசிவே இல்லாமல் அழுத்தமானியின் முள் இறங்கினால், தண்ணீர் குளிர்ந்திருக்கலாம்.

இனிதான் முக்கியமான வேலை. ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரை நனையாமல் மூடி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பம்புக்கு மிகத் தூரத்திலுள்ள நாசிலுக்கு முன்னால் ஒரு கேஜ் (அழுத்தமானி) மாட்டுங்கள். நாசிலைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் உறை கட்டி, அதன் அடியிலிருந்து ஹோஸை வாளிக்குள் விடுங்கள். நாசில் எவ்வளவு தண்ணீர் விடும் என்பதைக் குறிக்கும் எண்ணான கே ஃபேக்டரை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். கே 1.5, 100 பார் என்றால் 15 லிட்டர். ஒரு நிமிடத்தில் வாளியில் 12 லிட்டர்தான் சேர்ந்ததா? உடனே கேஜைப் பாருங்கள். 100 காட்டினால் அடைப்பு நாசிலில். 64 காட்டினால் நாசில் சரி, கோளாறு பின்னால்: ஸ்ட்ரெய்னர், பாதி திறந்த வால்வு, பம்ப்.

கதவு தானாக அடைபடுகிறதா, எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக நிற்கிறதா என்பதையும் பார்க்காமல் விடாதீர்கள். பெரிய தீயை அணைப்பது சுலபம். அதன் சூட்டிலேயே 1 லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகி ஆக்சிஜனைத் தள்ளும். எஞ்சினுக்கு அடியில் ஒளிந்த சின்னத் தீதான் அடங்காது. ஃபேன் ஓடினால் அதற்கு யோகம்.

டேங்கில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 8 நாசில், 30 நிமிடம் என்று கணக்கிட்டால் 3,600 லிட்டர். சக்‌ஷன் பைப்புக்குக் கீழே நிற்கும், பம்பால் உறிஞ்ச முடியாத தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றையும் பெயின்டர்கள் போன பிறகே செய்யுங்கள். முன்பே முடித்துவிட்டால், நாசில் வாயிலும் ஒரு கோட்டிங் அடித்துவிட்டுப் போவார்கள், மறுபடியும் வாளி.