தழும்போரத்தில் வந்த கட்டி

அப்பாவுக்குப் பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து ஓராண்டுக்கு மேல் நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வயிற்றுத் தழும்பின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தென்பட்டது. கெட்டியாக இருந்தது. வலியோ அரிப்போ இல்லை. மேலே தோல் மட்டும் லேசாகக் கருஞ்சிவப்பு.

முதலில் பார்த்த மருத்துவர், உள்ளே தங்கிய தையல் நூலால் வந்திருக்கும் என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அப்படி வருவதும் உண்டுதான். ஆனால் மாத்திரை தீர்ந்தும் கட்டி கரையவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியது. ரத்தத்தில் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்தின் அளவு சரியாக இருக்கிறதே என்று உறவினர்கள் தைரியம் சொன்னார்கள். அந்த அளவு ஏறாமலும் நோய் திரும்பலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிறகு தோல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மையார் வயிறு முழுவதையும் தடவிப் பார்த்துவிட்டு, தொப்புளை விரலால் அழுத்தினார். காரணம் கேட்டேன். வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் சில சமயம் தொப்புளில் கட்டியாக வெளிப்படுமாம். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டாக்டர் வில்லியம் மேயோவுக்கு உதவியாக இருந்த சிஸ்டர் மேரி ஜோசப், நோயாளிகளை அறுவைக்குத் தயார் செய்யும்போது இதைக் கவனித்துச் சொன்னவர். 1949இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அந்தக் கட்டிக்கு அவர் பெயரையே வைத்தார். ஒரு செவிலியரின் கவனம் இத்தனை காலம் கழித்து என் அப்பாவுக்கும் உதவுகிறதே என்று நெகிழ்ந்துபோனேன்.

அன்றே பஞ்ச் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, பேனா போன்ற கருவியின் வட்ட முனையைக் கட்டியின் மேல் வைத்துத் திருகினார். சிறு துண்டு ஒன்று ஃபார்மலின் குப்பிக்குள் போனது. ஒரே ஒரு தையல். பரிசோதனைச் சீட்டில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை ஆனவர் என்று மறக்காமல் எழுதினார். அந்த ஒரு வரி மிக முக்கியம். சுரப்பி வடிவில் செல்கள் தெரிந்தால், அது வியர்வைச் சுரப்பியிலேயே பிறந்த கட்டியா, வேறு உறுப்பிலிருந்து வந்ததா என்று நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குக் குழப்பம் வரும்.

ஆய்வகத்தில், முதல் அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டார்கள். அறுவை நடந்த மருத்துவமனையில் அப்பாவின் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து வாங்கி வந்தேன். சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. அப்பாவின் குடல். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

பழைய திசுவும் புதிய துண்டும் ஒத்துப்போயின. செல் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று காட்டும் புரதங்களில் சிகே20, சிடிஎக்ஸ்2 இரண்டும் பாசிட்டிவ், சிகே7 நெகட்டிவ். குடல் புற்றுநோய் தோலுக்குப் பரவும்போது பெரும்பாலும் காணப்படும் அடையாளம் இது.

"ஏம்மா, மறுபடியும் அதுதானா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பெட் ஸ்கேனில் கல்லீரலிலும் தெரிந்தது. மரபணுச் சோதனையில் ராஸ், பிராஃப் மாற்றங்கள் இல்லாததால், கீமோவுடன் செட்டுக்ஸிமாப் மருந்தும் தொடங்கினார்கள். முதல் ஊசி போட்ட அன்று புற்றுநோய் மருத்துவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இந்த மருந்தால் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி கிளம்பும், அதற்குப் பயப்படாதீர்கள். தழும்புப் பக்கம் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும் அன்றைக்கே வந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.